பதினேழில் தொடங்கிய புத்தகம்

"அண்ணன் வீட்டை வாங்கினவங்களுக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள சாவியைக் கொடுத்தாகணும் சார். அதுக்கு முன்னாடி இது என்னன்னு தெரியணும்," என்றார் தையல்காரம்மா, உட்காரக்கூட மனமில்லாமல்.

அவர் நீட்டிய சீட்டில் மூன்றே வரிகள்: 3–6–2, 9–1–4, 12–10–1. இறந்துபோன அண்ணன் தங்கைக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். அப்பா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணனை, நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டியவர் இவர். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"புதையலேதான் அத்தான்!" என்று குதித்தான் மைத்துனன். பாடப்புத்தகத்துக்குள் துப்பறியும் கதையை ஒளித்துப் படித்து உதை வாங்கிய ஆள். ரகசிய எண் என்றால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

தையல்காரம்மா 'சார்' என்று அழைத்த அத்தான், அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். அவசரம் என்பதே கிடையாது. "பக்கம், வரி, சொல். எந்தப் புத்தகம்மா?"

தையல்காரம்மாவின் பையிலிருந்து ஒரே துப்பறியும் கதையின் இரண்டு பிரதிகள் வெளியே வந்தன. "நாங்க சேர்ந்து படிச்சது இந்தப் பழசு. இதுல மூணாம் பக்கமே இல்ல. புதுசு வாங்கிப் பார்த்தா 'குதிரை, ஐயோ, நாளைக்கு'ன்னு வருது. என்னைக் கேலி பண்ணிட்டுப் போயிட்டானா சார்? கோபம் தீரவே இல்லையா?"

பழைய பிரதிக்கு அட்டை இல்லை. முதல் தாளில் அச்சாகியிருந்த எண் பதினேழு. மைத்துனன் அதை முகர்ந்து பார்த்தான். அடடா, அதே பழுப்புத் தாள் வாசனை! ஒரு நொடி அவனுக்குப் பத்து வயதாகிவிட்டது.

"உங்களுக்குக் கதை எங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டார் அத்தான்.

"இங்கதான். வாங்கும்போதே கிழிஞ்சிருந்துச்சு. எடுத்த எடுப்புல ஒருத்தன் சுவர் ஏறிக் குதிப்பான். ஏன் குதிச்சான்னு அண்ணன் தினம் ஒரு காரணம் சொல்வான்." சொல்லும்போதே அவர் முகம் இளகியது.

"அப்போ உங்க ரெண்டு பேருக்கும் இதுதானே முதல் பக்கம்? அச்சடிச்ச எண்ணை மறந்துட்டு, விரல் விட்டு எண்ணுங்க."

மைத்துனன் எண்ணினான். மாடி. அலமாரி. பின்னால்.

நாலரை மணிக்கு, அண்ணன் வீட்டு மாடியில், வீட்டோடு விலைபோன மர அலமாரியை மூவரும் மூச்சுவாங்கத் தள்ளினார்கள். பின்பலகையில் ஒட்டியிருந்த உறைக்குள் ஒரே ஒரு காகிதம். "தங்கம் இல்லியா?" என்று முனகிய மைத்துனனை அத்தான் முறைத்தார்.

தங்கை வாய்விட்டுப் படித்தார்: "நீ திட்டினதுல தப்பே இல்ல. என் கோபம் மறுநாளே போயிடுச்சு. உன் முகத்துல முழிக்கத்தான் வெட்கமா இருந்துச்சு."

"அடப்பாவி அண்ணா," என்று வெறுந்தரையிலேயே உட்கார்ந்து அழுதார் அவர். "நீ வருவேன்னுதானேடா நான் காத்துக்கிட்டிருந்தேன்!"