உங்களுக்குச் சம்மதமா?

முக்காலி மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் குறையவேயில்லை.

தையல்காரி குனிந்து மறுபடியும் பார்த்தாள். தினமும் மதியம் மூன்று மணிக்குப் பெரியவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு விரற்கடைத் தண்ணீர் குறைந்துவிடும். இன்றும் வந்துவிட்டார். வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை, கத்தரித்துப் போட்ட துணிகளுக்கும் மெஷின் எண்ணெய்க்கும் மேலாக அறை முழுக்க இருந்தது. ஆனால் தண்ணீரைத் தொடவில்லை.

பெரியவர் இந்த வீட்டில் அவளுக்கு முன்பே இருப்பவர். உயிரோடு இல்லை, அவ்வளவுதான். ஆணியடித்து, மிரட்டி ஆவிகளிடம் வேலை வாங்குகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “கட்டிப்போட்டு வேலை வாங்க அவர் என்ன மாடா?” என்பாள். தொலைந்த மோதிரம், காணாமல் போன பத்திரம் என்று தெருக்காரர்கள் வந்தால், விஷயத்தைச் சொல்லிவிட்டு, “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்பாள். சுவரில் ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் முடியாது. ஏன் என்று கேட்கக் கூடாது. பதிலுக்கு, அவர் இருக்கும்வரை மெஷினை ஓட்டமாட்டாள், தெருவின் வம்பையெல்லாம் அவருக்குச் சொல்வாள். பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. “கட்டின புருஷன்கிட்டகூட நீ இவ்வளவு மரியாதையாப் பேசினதில்லடி” என்று அக்கா கேலி செய்வாள்.

அதெல்லாம் மகள் இருந்தபோது. ஏழு வயது. ஐந்து நாள் காய்ச்சல், ஆறாம் நாள் காலையில் மூச்சு நின்றது. அன்றிலிருந்து இருபத்து மூன்று நாளாக அவள் பெரியவரிடம் ஒன்றைத்தான் கேட்கிறாள். ஒரே ஒரு தடவை மகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு நாளும் இரண்டு தட்டு.

கொண்டுவந்த சாப்பாடு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு அக்கா இன்று மத்தியானம்தான் சொல்லிப் போனாள். “அவரு வேண்டாம்னா விட்டுடேன்டி. ஊருக்கெல்லாம் நீதானே புத்தி சொல்வே?”

“என் புள்ளை போனது ஊருக்கா, எனக்கா?” என்று அக்காவையே விரட்டியிருந்தாள்.

இப்போது முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது.

“ஒரு தடவைங்க. மூஞ்சியைப் பார்த்துட்டு அனுப்பிடறேன். உங்களுக்குச் சம்மதமா?”

இரண்டு தட்டு. வழக்கத்தைவிட மெதுவாக, ஒரு நோயாளியின் தோளைத் தட்டுவதுபோல.

அந்த மென்மைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டாள். “சம்மதம் யாருக்கு வேணும்? பன்னிரண்டு வருஷம் உட்கார இடம் கொடுத்தேனே, சும்மாவா? கூட்டிட்டு வா! இல்லன்னா இந்த வீட்டுல உனக்கு இடமில்ல!”

வெளியே தெருவின் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. அலமாரி வாசனை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, உள்ளறைப் பக்கம் போய், இல்லாமலே போனது. வெகுநேரம் கழித்து, வீட்டுக்குள் இருக்க முடியாத ஒரு தூரத்திலிருந்து, ஒரே ஒரு தட்டு கேட்டது.

பிறகு காலடிகள். பெரியவருடைய நடை, கனமாக. எதையோ தூக்கிக்கொண்டு வருகிற நடை. உள்ளறையில் எதையோ கீழே இறக்கிவிட்டு நின்றது. இனிப்பும் கசப்புமாக மருந்து நாற்றம். காய்ச்சல் மருந்து.

“அம்மா.”

ஓடினாள். கட்டிலில் மகள். அதே முகம். அள்ளி அணைத்தவள் கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது.

“சுடுதும்மா.”

“கண்ணு… என் தங்கம்…”

“அங்க சுடலம்மா. ஜில்லுனு இருந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு. அந்தத் தாத்தா வேண்டாம் வேண்டாம்னு அழுதுக்கிட்டே தூக்கிட்டு வந்தாரு.” மூச்சு இழுத்தது. அந்தக் கடைசிக் காலையில் இழுத்த அதே இழுப்பு. “ஏம்மா கூப்பிட்டே?”

அவளுக்குப் புரிந்தது. அன்று இந்த இழுப்பு மூன்று முறை வந்து, நின்றது. குழந்தை விடுபட்டது. அவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

“பெரியவரே! தப்புங்க! கூட்டிட்டுப் போயிடுங்க, கால்ல விழறேன்!” சுவரைத் தட்டினாள். கை வீங்கும்வரை தட்டினாள். அந்த அலமாரி வாசனை வீட்டில் எங்குமே இல்லை.

மூன்று நாளாக அக்கா வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே அவள் துணியை நனைத்து மகளின் நெற்றியில் போடுகிறாள். போட்டதும் நீராவி கிளம்பிக் காய்ந்துவிடுகிறது. மறுபடியும் நனைக்கிறாள். இமைக்காத கண்களுடன் குழந்தை அவளையே பார்த்துக்கொண்டு, தன் கடைசி மூச்சை இழுக்கிறது. விடுகிறது. மறுபடியும் இழுக்கிறது.