கம்பத்தடியில் கேட்காத குரல்

மைக்கே இல்லாத பக்கத்திலிருந்து ஒரு குரல் வருவதாக நெட்வொர்க் ஸ்விட்ச் காட்டியது.

அபிநந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தான். பௌர்ணமி முடிந்த அடுத்த வாரம், பட்டப்பகல். அறிவிப்பு அறையில் ஏசியின் உறுமலையும் கூட்டம் விட்டுப்போன கற்பூர வாடையையும் தவிர வேறு எதுவுமில்லை. கிரிவலப் பாதையின் ஒலிபெருக்கிகள் தனித்தனியான இரண்டு நெட்வொர்க்கில் இருந்தன: கோயில் பக்கம் ஒன்று, மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலைப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் குரலை வழிமாற்றிவிட ஒரு ஸ்விட்ச்; மைக் இந்தப் பக்கம் மட்டும்தான். இங்கே மைக்கில் பேசுவது மல்டிகாஸ்ட்டாக ஒரே முறை கிளம்பி, கேட்கக் காத்திருக்கும் எல்லா ஒலிபெருக்கிக்கும் போகும். ஆனால் இப்படியொரு குரல் கிளம்பியிருக்கிறது என்று இந்தப் பக்கத்து ஸ்விட்ச் அந்தப் பக்கத்து ஸ்விட்சுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லவைத்தவன் அபிநந்தன். அதன் வாயை அடைத்தவனும் அவன்தான்.

சோதனைக்காக அவன் போட்ட குத்துப்பாட்டு அடி அண்ணாமலைக் கோயில் வாசல் வரை அலறிவிட்டது. மேலதிகாரி சகாதேவன் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். அந்த நேரத்துக்குச் சமாளிக்க, அந்தப் பக்கம் எந்தக் குரலும் போகாதபடி ஸ்விட்சில் ஒரு தடை போட்டான். எடுக்க மறந்தான். பௌர்ணமிக்கு முன்னால் சகாதேவன் விசாரித்தபோது, "ரெண்டு பக்கமும் பக்காவா கேக்குது சார்" என்று வாய் கூசாமல் சொன்னான்.

இன்று காலைதான் யாருக்கும் தெரியாமல் திருடனைப் போலத் தடையை எடுத்தான். எடுத்த கையோடு அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் குரல் வந்து பதிவாகியிருந்தது. அறை ஒலிபெருக்கியின் சத்தத்தை மெல்லக் கூட்டினான். வார்த்தை ஏதுமில்லை. வெகுதூரம் நடந்து களைத்த யாரோ உட்கார்ந்து மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. சட்டென்று குறைத்தான்.

வாசலில் செருப்பு உரசியது. கீழ்பென்னாத்தூர் வேதா. பௌர்ணமியன்று இதே மைக்கில், காணாமல்போன தன் அம்மா எல்லம்மாளைத் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டவள். மறுநாள் அடி அண்ணாமலையில் ஒரு ஒலிபெருக்கிக் கம்பத்தடியில், உட்கார்ந்தபடியே கிழவியின் உயிர் போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் சார். தொலஞ்சு போனா மைக்குல கூப்புடுவேன், கம்பத்தடியிலயே உக்காந்துரும்மான்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். நான் கூப்புட்டது அங்க கேட்டுச்சா?"

அவன் முகம் தீயாய் எரிந்தது. இவள் காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொன்னால் இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? இப்படி நினைக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியும் வாய் பொய்யைத்தான் சொன்னது.

"கேட்டுச்சுக்கா. எல்லாக் கம்பத்துலயும் நல்லா கேட்டுச்சு."

அறை ஒலிபெருக்கி கரகரத்தது. குறைத்து வைத்ததுதான்.

"எனக்குக் கேக்கலியே, தம்பி."

கேபிளைப் பிடுங்கினான். ஸ்விட்சை அணைத்தான். அதன் பச்சை விளக்குகள் செத்தன.

"கேக்கலியே."

இப்போது வெளியிலும். செங்கம் ரோட்டில். அதற்கப்பால். கம்பம் கம்பமாக, மலையைச் சுற்றிக்கொண்டு போனது.

வேதா அழவில்லை. ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"எங்கம்மா பொய் சொல்லாது சார்."

அவன் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பினான். வெயிலில், கம்பத்தடியில், ஒரு கிழவி. காலை நீட்டி உட்கார்ந்து ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கம்பத்தடியிலும் அவளே. அதற்கடுத்ததிலும்.

மேசைமேல் மைக்கின் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. பேசச் சொல்லி.

வாயைத் திறந்தான். அப்போதும் உண்மை வரவில்லை.

பாதை நெடுக, கம்பத்தடித் தலைகள் எல்லாம் ஒருசேர அவன் ஜன்னல் பக்கம் திரும்பின.