ரெண்டு நிமிஷம் ஆறட்டும்

அத்தான் கார் ஷெட் தரையில் மல்லாந்து கிடந்தார்.

தலைக்கு அடியில் ரத்தம். தலைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கட்டி.

அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன.

"தள்ளிட்டேண்டா..." என்றாள். "மறுபடியும் கை ஓங்கினார். தாங்க முடியல. தள்ளிட்டேன். போய் அது மேல விழுந்தார்."

'அது' என்று அவள் காட்டியது ஒரு பழைய டர்போ. காரிலிருந்து போன மாதம்தான் அவன் கழற்றிப் போட்டிருந்தான்.

அவன், அக்காவுக்கு ஒரே தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அத்தான் வாங்கிப் போட்ட இந்த ஸ்வீடன் காருக்கு அடியில் கிடப்பான். 'டர்போ' என்று அத்தான்தான் கேலியாகப் பேர் வைத்தார். இப்போது தெருவே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது.

"எதுக்குக்கா சண்டை?"

"பாப்பாவோட சைக்கிள் சாஞ்சு காரோட சைடு கண்ணாடி உடைஞ்சிடுச்சு. நான்தான் சாய்ச்சேன்னு சொன்னேன். இல்லாட்டி பாப்பாவை அடிச்சிருப்பார்."

"பாப்பா எங்க?"

"மாடியில டி.வி. பாக்குறா. ஒண்ணும் தெரியாது."

டர்போ குனிந்தான். மழையில் ஓடி வந்த அவன் கை... ஐஸாக விறைத்திருந்தது. அத்தான் மூக்குக்குக் கீழே விரலை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்தான். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் அவனுக்குக் கேட்டது.

நிமிர்ந்தான்.

"போயிட்டாருக்கா."

அக்கா அலறவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பாப்பாவை யாருடா பாத்துப்பா?"

அந்தக் கேள்வி அவனை உலுக்கிவிட்டது. எட்டு வயதுக் குழந்தை. அப்பனை இழந்தாயிற்று. அம்மாவையும் ஜெயில் கம்பிக்குள் பார்க்க வேண்டுமா?

"உன்னை யாரும் தொடமாட்டாங்க" என்றான். "தரையைக் கழுவு. அந்த டர்போவையும் கழுவு. அத்தான் வழக்கம்போல வ்யூ பாயின்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போயிருக்கார். உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இந்த மழையிலயா?"

"மழையில நனைஞ்ச கார்தான் போட்டோவுக்கு அழகுன்னு எத்தனை தடவை போயிருக்கார்? பாறை வழுக்கும். கீழ ஏரி. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. எந்திரி."

அத்தானைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் சாய்த்து, பெல்ட்டை மாட்டி, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டான். பார்ப்பவர்களுக்குத் தூங்குகிற மனிதர்.

சாவியைப் போட்டான்.

இந்தக் காரில் சாவித் துவாரம் ஸ்டியரிங் அருகே இருக்காது. இரண்டு சீட்டுக்கும் நடுவே, கியருக்குப் பின்னால் இருக்கும். ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவி வெளியே வரும். கூரைத் துணி தொங்கும். செய்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டது. ஒரு ரப்பர் குழாய் வேண்டுமென்றால் கடல் தாண்டி எங்கோ எவனோ மனம் வைக்க வேண்டும்.

ஆனாலும் மிதித்தால்... விசிலடித்துக்கொண்டு பாயும்!

அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ. ஓட ஓட நெருப்பாய்க் கொதிக்கிற சாமான். வேகமாக ஓடி வந்து நின்ற உடனே இன்ஜினை அணைக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். ஆயில் சுற்றிச் சுற்றி வந்து சூட்டை ஆற்றும். பட்டென்று அணைத்தால் ஆயில் உள்ளேயே கருகிப் போகும். அத்தான் அதற்கெல்லாம் பொறுமைசாலி இல்லை. இரண்டு டர்போக்களைத் தின்று ஏப்பம் விட்டவர்.

கார் மலைச் சாலையில் ஏறியது. வைப்பர் மழையோடு மல்லுக்கட்டியது. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. பயம் அவன் காலை அழுத்த, அவன் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. விசில் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

வ்யூ பாயின்ட்.

டிக்கெட் கூண்டின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஈ காக்கை இல்லை.

காரைத் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கைக்குட்டையால் ஸ்டியரிங்கைத் துடைத்தான். கியர் குமிழைத் துடைத்தான். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா, பாப்பா, பள்ளிக்கூட யூனிபார்ம்... என்னென்னவோ வந்து போயின.

பிறகு ரிவர்ஸ் போட்டுச் சாவியை உருவினான்.

சாவி, அத்தான் பாக்கெட்டுக்குள். அத்தான், தடுப்புக்கு அந்தப் பக்கம்.

கீழே தண்ணீர் ஒரு தடவை சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

டர்போ ஒற்றையடிப் பாதையில் பிடரியில் கால்பட இறங்கினான்.

மறுநாள் காலை. போன் அடித்தது.

"டர்போங்கிறது நீங்களா?" ஒரு பெண் குரல். ஒரு தும்மல். "இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க அத்தான் விஷயம் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அவர் காரை எங்களால நகர்த்த முடியல. சாவி எங்க போடணும்னே என் ஆளுங்களுக்குத் தெரியல. கொஞ்சம் வ்யூ பாயின்ட் வர்றீங்களா?"

போனான்.

இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஒரு கான்ஸ்டபிள் அரை மணி நேரமா ஸ்டியரிங்குக்கு அடியில தலையை விட்டுட்டு இருந்தார். துவாரமே இல்லங்கறார்."

"நடுவுல இருக்கு மேடம். சீட்டுக்கு நடுவுல."

"ஏன் அங்க?"

"அவங்க அப்படித்தான் பண்ணியிருக்காங்க."

"நல்லவேளை, கூரையில வைக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டுங்க. நானும் கூட வர்றேன். என் ஜீப்பைத் தள்ளினாத்தான் கிளம்பும்."

நேற்று அத்தான் சாய்ந்திருந்த அதே சீட்டில் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். அதே பெல்ட்டை மாட்டினார்.



"அத்தான் நல்ல மனுஷனா?" கார் கிளம்பியதும் கேட்டார்.

"இருந்தார் மேடம்."

"அக்காவை அடிப்பாராமே?"

"...யார் சொன்னா?"

"அவங்க கன்னம் சொல்லுச்சு."

அவன் வாயைத் திறக்காமல் இருப்பதற்காகவே காரை விரட்டினான். ஸ்டேஷன் மலையின் அடுத்த மேட்டில் இருந்தது. ஏற்றத்தில் விசில் சத்தம் கிளம்பியது.

"அட, பாடுதே" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷன் வாசல். கார் நின்றது. அவன் கை சாவிக்குப் பக்கத்தில் போய்... அங்கேயே நின்றது.

இன்ஸ்பெக்டர் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கவில்லை. ஒரு தும்மல் போட்டார். அதற்கும் இன்ஜின் அணையவில்லை.

"ஏன் தம்பி, ஏதாவது ரிப்பேரா?"

"இல்ல மேடம். மேடு ஏறி வந்திருக்கோம், டர்போ கொதிச்சுக் கிடக்கும். உடனே அணைச்சா உள்ள ஆயில் கருகிடும். பேரிங் போயிடும். ரெண்டு நிமிஷம் ஆறட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது.

நேற்று மலை மேலும் இதையேதான் செய்திருந்தான்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எ... எப்பவும்."

"உங்க அத்தானும்?"

"ஆமா மேடம். அவரும் இப்படித்தான்."

"நல்ல பழக்கம்" என்று இறங்கிக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே பெஞ்சில் அக்கா! அவளையும் வரவழைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவனை அவளுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் காரை நிறுத்தின பிறகு ரெண்டு நிமிஷம் உள்ளயே உக்காந்திருப்பாரோ?"

டர்போ கண்ணால் கெஞ்சினான். அக்கா குனிந்திருந்தாள்.

"அவரா? வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே சாவியைத் திருப்பிடுவார். 'ரெண்டு டர்போவைக் கொன்னுட்டீங்களே'ன்னு இவன்தான் வாராவாரம் சண்டைக்கு நிப்பான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். ஏதோ கெட்டுப் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. என்னவென்று புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டிக்கெட் கூண்டுல ஷட்டர் இறங்கியிருந்தா ஆள் இல்லன்னு அர்த்தமில்ல தம்பி. டிக்கெட் கொடுக்கறவர் சாரல் அடிக்குதுன்னு இறக்கிவிட்டுட்டு உள்ள குளிர் காஞ்சிட்டிருந்தார். கண்ணால ஒண்ணும் பாக்கல. காதால கேட்டார். விசிலடிச்சிட்டு ஒரு கார் வந்தது. நின்னது. இன்ஜின் மட்டும் ரொம்ப நேரம் ஓடிட்டே இருந்தது. பிறகு நின்னது. மழை விட்டதும் வெளியே வந்தா, அந்த போட்டோக்காரர் கார். ஆளைக் காணோம். கீழ எட்டிப் பாத்தார்."

டர்போ தரையைப் பார்த்தான்.

"அவர் எங்ககிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த சார் ஒருநாளும் இன்ஜினை ஓடவிட மாட்டார் மேடம், நேத்து வேற யாரோ ஓட்டிட்டு வந்திருக்காங்க'ன்னார். அப்புறம் உங்க தெருவுல விசாரிச்சேன். இந்தக் காரை இன்னொருத்தரும் ஓட்டுவாராம். பேரே டர்போவாம்."



அவன் எழுந்து நின்றான். எப்படியும் ஒருவர் உள்ளே போகத்தான் வேண்டும். அது அக்காவாக இருக்கக் கூடாது.

"நான்தான் கொன்னேன்" என்றான். "அக்காவுக்கு எதுவும் தெரியாது. ஷெட்ல எனக்கும் அவருக்கும் சண்டை. நான்தான் தள்ளினேன். தலையில அடிபட்டுச் செத்துட்டார். நான்தான் கொண்டு போய்ப் போட்டேன்."

"பொய் மேடம்!" அக்கா பாய்ந்து வந்தாள். "தள்ளினது நான். அவர் என்னை அடிச்சார், நான் தள்ளினேன். இவன் அப்ப அங்க இல்லவே இல்ல. நான் போன் பண்ணித்தான் வந்தான். என்னைப் பிடிங்க. இவனை விட்டுடுங்க."

"அக்கா, நீ சும்மா இரு!"

"நீ சும்மா இருடா!"

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். தும்மல் வரும்போல இருந்தது. வரவில்லை. அவர் முகத்திலிருந்த கேலி எங்கோ போயிருந்தது.

மேஜை மேலிருந்த ஆஸ்பத்திரிக் கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அம்மா... நீங்க கொலை பண்ணல."

அக்கா விழித்தாள்.

"நீங்க தள்ளினதுல அவருக்குப் பின்தலையில தோல் கிழிஞ்சிருக்கு. மயக்கம் வந்திருக்கு. அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா தையல் போட்டுச் சாயங்காலமே அனுப்பியிருப்போம்னு டாக்டர் சொல்றார்."

டர்போவுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அக்கா தப்பித்துவிட்டாள். பாப்பாவுக்கு அம்மா உண்டு. நேற்றிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்த வரம் அது ஒன்றுதான்.

அப்புறம்தான் மீதி உறைத்தது.

"அப்படின்னா... அத்தான் எப்படி மேடம்..."

"நுரையீரல் முழுக்க ஏரித் தண்ணி. மூச்சு விடறவனுக்குத்தான் தண்ணி அவ்வளவு உள்ள போகும்."

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் தம்பியைப் பார்த்தன. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் முகத்தைத் திருப்பினான்.

"அக்காவைக் காப்பாத்தப் பொய் சொன்னீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுல முதல் வரி மட்டும் உண்மையாப் போச்சு."

அவன் அப்படியே சுவரில் சரிந்தான். மழை வழிகிற கண்ணாடி... ஓடுகிற இன்ஜின்... பக்கத்து சீட்டில் தொப்பி... அவன் திரும்பிப் பார்க்காத முகம்.

"என் கை விறைச்சிருந்தது மேடம்... மூச்சு தெரியல... சத்தியமா தெரியல..."

"ஷெட்ல தெரியல, சரி." இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஜன்னல் வழியே, வாசலில் அமைதியாக நின்றிருந்த காரை ஒரு தடவை பார்த்தார்.

"ஆனா மலை மேல, டர்போ சூடு ஆறட்டும்னு ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தீங்களே தம்பி... பக்கத்து சீட்ல இருந்தவருக்குச் சூடு இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கலாமே?"