வாசலில் கிடந்த ஈரச் செருப்புகள்

தீவின் மரைன் ஹில்லில் ஒரு வீட்டு வாசலில் யார் யார் செருப்பு கிடக்கிறது என்பது, வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமுன் எதிர்வீட்டு மரகதத்துக்குத் தெரிந்துவிடும். அன்று மதியம் மழை விட்டதும் சுபிதா குப்பை கொட்ட வெளியே வந்தபோது, மரகதம் கொடியில் போட வேண்டிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் வாசலையே பார்த்திருந்தாள்.

"என்ன சுபி, மெஹ்மான் வந்திருக்காங்களா? சொல்லவே இல்ல."

சுபிதாவின் செருப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆண் செருப்பு. வார் அறுந்து கம்பியால் கட்டியது. சொட்டச் சொட்ட ஈரம். மழைத் தண்ணீரில் இருக்காத உப்பு வாடை. அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போயிருக்க, வீட்டில் அவள் ஒருத்திதான். விருந்தாளி யாருமில்லை, யாரோ வீடு மாறி விட்டிருப்பார்கள் என்று சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனாள். மரகதம் நம்பவில்லை. தனியாக இருக்கும் பெண் வீட்டில் ஆண் செருப்பென்றால், ஒரு வாரத்துப் பேச்சுக்குக் காணுமே!

சுபிதா மறைத்தது வேறு. கடலைக் கண்டு மக்களுக்கு எவ்வளவு பயம் என்று அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்து, டாக்டர் பட்டத்துக்காகத் தீவு தீவாகப் பதில் வாங்கிக்கொண்டிருந்தாள். தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பே ஆட்கள் மட்டும் பாக்கி. காற்றைக் காரணம் சொல்லிக் கப்பல் திரும்பத் திரும்ப ரத்தானது. மெயின்லேண்டில் இருக்கும் கைடு ஆவுடையப்பன் சார், நாளைக்குள் முடிவு வராவிட்டால் பதிவே காலாவதி, இத்தனை வருஷப் படிப்பும் போச்சு என்றுவிட்டார். அம்மணி என்ன செய்தாள்? வீட்டில் உட்கார்ந்தபடியே கேம்பல் பே ஆட்களைப் படைத்தாள். பட்டாளத்துக்காரரின் விதவை, தச்சர், பம்ப் ஆபரேட்டர். பேர், வயசு, பதில் எல்லாம் கைக்கு வந்தபடி. முகவரியைக் காலியாக விட்டால் மென்பொருள் ஏற்கவில்லை. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தன் வீட்டு முகவரியையே எல்லாருக்கும் ஒட்டிவிட்டாள். சோதனைக்காக முதல் ஆளாக நிரப்பியிருந்தது அவளுடைய சொந்தப் பதில்களை. அதற்கும் அதே முகவரி.

அந்த மென்பொருளின் வேலை இதுதான்: கேள்விகளுக்குப் பின்னால் இன்னின்ன பயம் ஒளிந்திருக்கிறது என்று நாம் சொன்னால், பதில்களை வைத்து அது சரியா என்று பார்க்கும். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு வட்டம் போட்டு, அது ஆட்டிவைக்கும் கேள்விகளுக்கு அம்பு விடும். சுபிதா சொன்னது கடல் பயம், இழப்பு பயம். மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக ஒரு வட்டத்தைக் கேட்டது. பேரில்லாத வட்டம். அவள் படைத்த ஆட்களிடம் மட்டும் இருப்பது. தடித்த அம்புகள் போய்த் தைத்த கேள்விகளைப் படித்தாள். அவர்கள் எல்லாருக்கும் அவள் 'ஆம்' போட்டிருந்த வாக்கியங்கள்.

என் வீடு எது என்று தெரியவில்லை. ஈரத்திலேயே நிற்கிறேன். யாராவது உள்ளே கூப்பிட்டால் போதும்.

யோசிக்காமல் போட்ட பதில்கள் இப்படி ஒரே பக்கம் சாயாது. யாராவது பின்னால் நின்று அவள் கையைப் பிடித்து எழுத வைத்திருந்தால் ஒழிய.

தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அன்று கரண்டும் போயிற்று. மடிக்கணினியின் நீல வெளிச்சத்தில் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. வாசலில் சொத்தென்று ஒரு சத்தம், ஈர ரப்பர் தரையில் விழுவது போல. இன்னொன்று. மறுபடி இன்னொன்று. ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். குதிகால் தேய்ந்த பெண் செருப்பு. மரத்தூள் அப்பிய செருப்பு. கிரீஸ் கறை படிந்தது. வாசலில் ஆளில்லை.

நம் வீடுகளில் செருப்பு வெளியே கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவளுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள்.

சமையலறையில் தம்ளர் நகர்ந்தது. அப்பாவின் நாற்காலி முனகியது. உப்பு வாடை. முதுகில் ஈர மூச்சு.

பட்டம் வேண்டாம். ஒன்றும் வேண்டாம். இந்த முகவரிக்காரர்கள் அத்தனை பேரையும் நீக்கு. தட்டினாள்.

திரையில் எழுத்து வந்தது: ஒருவர் நீக்கப்பட்டார்.

ஒருவர்தான். முதல் ஆளின் வரிசை காலி. மற்றவர்கள் அப்படியே.

கதவைத் திறந்து வெளியே பாய்ந்தாள். செருப்பு வரிசை கலையவில்லை. அவள் செருப்பை மட்டும் காணவில்லை. மரகதம் டார்ச்சோடு வந்துகொண்டிருந்தாள். அக்கா என்று கத்தினாள் சுபிதா. டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. தங்கவில்லை. அவளைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. மரகதம் செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சுபி இருக்காளா?"

உள்ளேயிருந்து, ஆணும் பெண்ணுமாய், ஒரே மூச்சில் பல குரல்கள்.

"வெளிய போயிருக்கா. நீங்க உள்ள வாங்க."

உள்ளே யாரென்று பார்க்காமல் மரகதத்துக்கு ராத்திரி தூக்கம் வருமா? செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் விட்டாள். போகாதீங்க அக்கா. தோளைப் பிடித்தாள் சுபிதா. பிடியில் ஒன்றும் இல்லை.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

மழை எப்போதோ விட்டிருந்தது. வெறுங்காலோடு நின்றவளின் உடுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர்.