சியெனாவில் தொலைந்த கடவுச்சீட்டு

2007 நவம்பர். சனிக்கிழமை காலை பத்தரை மணி.

பிரமிளா கதவைத் திறப்பதற்குள் கனகாம்பிகை நான்கு தடவை மணியை அடித்துவிட்டார். ஈஸ்ட் ஹாமில் இருவருக்கும் பல வருடமாக அடுத்தடுத்த வீடு. அந்த அம்மாள் வெறுங்காலோடு தெருவில் நின்று பிரமிளா பார்த்ததே இல்லை.

"பிரமிளா, கம்சிகான்ர பாஸ்போட்டை ஆரோ களவெடுத்திட்டாங்களாம். பிள்ளை இத்தாலியில தனிய நிக்குது."

கனகாம்பிகையின் மகள் கம்சிகா லண்டனில் கட்டடக்கலை படிப்பவள். ஒரு பருவம் படிக்க ஃபுளோரன்ஸ் போயிருந்தாள். முந்தின நாள் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் சியெனா, சான் ஜிமிஞானோ என்ற பழைய ஊர்களுக்கு ஒருநாள் சுற்றுலா போய் வந்தார்கள். இன்று காலை ஏதோ பதிவுக்காக ஆசிரியை கடவுச்சீட்டுகளைக் கேட்டபோது அவளுடையது இல்லை. ஆசிரியைதான் வீட்டுக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார்.

பிரமிளா ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். பயணத்தில் பொருள் திருட்டுப் போயிற்று என்று இழப்பீடு கேட்பவர்கள் சொல்வது உண்மைதானா என்று விசாரிப்பது அவள் உத்தியோகம். கம்சிகாவை உடனே தொலைபேசியில் பிடித்தாள்.

"எங்க தொலைஞ்சது?"

"சியெனாவில, அன்ரி. பெரிய சதுக்கத்தில. பை திறந்து கிடந்தது."

"வேற என்ன போச்சு?"

"ஒண்டுமில்லை."

"பர்ஸ்? கேமரா?"

"இருக்கு."

"போலீஸ்ல சொன்னியா?"

"திங்கக்கிழமை சொல்லுறன். நீங்க ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ப்ளீஸ் அன்ரி."

குரல் நடுங்கியது. பயந்துபோயிருக்கிறாள் என்று பிரமிளா நினைத்தாள்.

பக்கத்து வீட்டு முன்னறையில் கம்சிகாவின் அண்ணன் தர்சிகன் கார்ச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். தங்கை வர ஐந்து நிமிடம் தாமதித்தாலே பத்துத் தடவை அழைப்பவன் அவன். இன்று மட்டும், "அவளே சொல்லுறாள்தானே, திங்கள் பாப்பம்" என்றான். பின்னேரம் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கு ஒரு சிநேகிதனை ஏற்றிவரப் போகவேண்டுமாம்.

"திங்கள் வரைக்கும் விடறதா? அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி யாராவது இன்னிக்கே வந்து இறங்கிடலாம்," என்றாள் பிரமிளா.

தர்சிகன் எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனான். அங்கேயே நின்றுவிட்டான்.

பிரமிளா கனகாம்பிகையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு எண்ணைச் சுழற்றி, தொலைபேசியை அவரிடமே கொடுத்தாள். கனகாம்பிகை எடுத்து வந்திருந்த கடவுச்சீட்டு நகலைப் பார்த்து இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நகலில் இருந்த படத்தில் கம்சிகா, தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு, விறைத்துப்போய் நேரே பார்த்தாள்.

"கண்ணாடி போடாட்டி முன்னுக்கு வாற பஸ்ஸின்ர நம்பரும் தெரியாது இவளுக்கு," என்று கனகாம்பிகை அழுதார். "அந்த ஊரில என்ன செய்யுதோ."

நண்பகலுக்குள் கடவுச்சீட்டு ரத்தாகிவிட்டது.

மாலை ஐந்து மணிக்குச் சற்று முன். இழப்பீட்டுக்கு உதவும் என்று பிரமிளா கேட்டிருந்த சுற்றுலாப் படங்களைக் கம்சிகாவின் வகுப்புத் தோழி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். சியெனாவில், சிப்பி போலச் சரிந்த செங்கல் சதுக்கத்தில் காலையில் எடுத்த படம். கம்சிகா கண்ணாடியோடு சிரித்தாள். அடுத்தது பிற்பகலில், சான் ஜிமிஞானோவின் கோபுரங்களுக்குக் கீழே. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். முகத்தில் கண்ணாடி இல்லை. மிச்சப் படங்களிலும் இல்லை.

பிரமிளா எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

தர்சிகன் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"பணத்தை விட்டுட்டுப் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்த திருடன்," என்றாள் மூச்சிரைக்க, "முகத்துல போட்டிருந்த கண்ணாடியையும் எடுத்தானா, தர்சிகன்?"

அவன் கார்ச் சாவியைக் கைக்குள் பொத்தினான்.

"யாரும் எடுக்கலை. கம்சிகாவே கழட்டிக் கொடுத்திருக்கா. பாஸ்போர்ட் படத்துல கண்ணாடி இருக்கு, வர்றவளுக்கும் இருக்கணுமே. கொடுக்கச் சொன்னது நீ. இப்ப கூட்டிவரப் போறது சிநேகிதனை இல்லை."

உள்ளேயிருந்து வந்த கனகாம்பிகை சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஆரடா அது?"

"என்ர மனுசி, அம்மா." அவன் குரல் உடைந்தது. "ரெண்டு வருசத்துக்கு முந்திக் கொழும்பில கலியாணம் எழுதினனாங்கள். விசாவை ரெண்டு தரம் மறுத்திட்டாங்கள். அவளின்ர தமையனை வெள்ளை வான் வண்டியில கடத்திக்கொண்டு போட்டாங்கள். இவளைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் இத்தாலியில விட்டிட்டு ஓடிட்டான். ஒரு மாசமா சியெனாவில ஒரு சேர்ச்சில படுத்திருந்தவள். நான் என்ன செய்ய?"

"என்னட்டச் சொல்லக் கூடாதோ?"

"அவையின்ர ஊரைச் சொன்னாலே, என்ன ஆக்களெண்டு நீங்கள் முகத்தைத் திருப்பியிருப்பியள்."

கனகாம்பிகை மறுக்கவில்லை.

"பிளேன் ஏறிட்டாளா?" என்றாள் பிரமிளா.

"ஏறியிட்டாள். ஆறரைக்கு இறங்குது. போன் ஓஃப்." பிரமிளாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "அன்ரி... அறிவிச்சிட்டீங்களோ?"

"அறிவிச்சது நான்தான்ரா," என்றார் தாய். "என்ர வாயாலதான் நம்பரைச் சொன்னனான்."

பிரமிளா மறுபடியும் அந்த அலுவலகத்தை அழைத்துப் பார்த்தாள். கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது என்றாலும் ரத்தானது ரத்தானதுதான் என்றார்கள்.

மூவரும் காரில் ஏறினார்கள். வழியில் பிரமிளா பின் இருக்கையிலிருந்த கனகாம்பிகையிடம் சொன்னாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன். களவுன்னே நாம சாதிச்சா கம்சிகா தப்பிச்சிடுவா. பிளேன்ல வர்றவ திருடியாயிடுவா. உண்மையைச் சொன்னா கம்சிகா மேல வழக்கு வரலாம். படிப்பே போயிடலாம்."

ஸ்டான்ஸ்டெட். பீசாவிலிருந்து வந்த பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கூட்டம் மெலிந்தது. கடைசியாக ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அதன்பிறகு கதவு திறக்கவில்லை.

தர்சிகனின் கைபேசி அடித்தது. அதன் ஒலிபெருக்கியைப் போட்டான்; ஓர் ஆங்கிலப் பெண்ணின் குரல். குடிவரவு அதிகாரி. களவு போனதாகப் பதிவான கடவுச்சீட்டோடு ஒரு பெண்ணை நிறுத்தி வைத்திருப்பதாகவும், அவளிடம் இந்த எண் இருந்ததாகவும் சொன்னாள். இவளை உங்களுக்குத் தெரியுமா? கடவுச்சீட்டை இவள் திருடினாளா?

தர்சிகன் வாயைத் திறந்தான். தங்கை, அவன் கேட்ட உதவிக்கு மறுபேச்சில்லாமல் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தவள். உள்ளே இருப்பவள் அவனை நம்பி ஏறியவள். எவளைக் காட்டிக்கொடுப்பது?

கனகாம்பிகை கைபேசியைப் பறித்தார்.

"நோ ஸ்டீல்," என்றார் உரக்க. "மை டோட்டர் கிவ். ஷீ... மை சன் வைஃப்."

அந்தப் பெண்ணின் உண்மையான பெயரைச் சொல்ல முடியுமா என்று அதிகாரி கேட்டாள்.

கனகாம்பிகை மகனைப் பார்த்தார். அவனுக்குக் கண்ணீர் தாடைவரை வழிந்திருந்தது.

"பேர் என்னடா?"

"வான்மதி."

"வான்மதி," என்றார் கனகாம்பிகை கைபேசிக்குள். அந்த வெள்ளைக்காரிக்கு விளங்கவில்லை. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, மறுபடியும் சொன்னார்.