பதில் மட்டும் வந்தது

சிவப்பு நிறுத்து பொத்தானை உள்ளங்கையால் அறைந்துகொண்டே இருந்தாள் அவள். இயந்திரம் நிற்கவில்லை. கை கன்றிப்போனது. விடவில்லை.

"டேய் தம்பி, வெளியே வாடா! கேக்குதா?"

வாக்கி டாக்கியில் கரகரப்பு மட்டும்.

அவள் இருந்த சத்தம் புகாத கண்ணாடி அறைக்கு அப்பால், பழைய காகிதத்தை நசுக்கிக் கட்டு போடும் இயந்திரம் லாரி நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் திறந்திருந்த அதன் வாய்க்குள், சிக்கிய கம்பியை எடுக்க ஃபிட்டரான அவள் தம்பி இறங்கியிருந்தான். போன வாரம் யாரும் தொடாமலே அது ஓடி, ஆபரேட்டரைக் காகிதத்தோடு காகிதமாக மடித்துவிட்டது. கட்டளை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் நெட்வொர்க் இன்ஜினியரான அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

காலையில், கேபிளில் போகும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் பிடித்துவைக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். பதிவில் நடுநடுவே ஓட்டை. 'பாக்கெட்டுகள் விடுபட்டன' என்றது திரை.

"கேபிள் போச்சுடா. மெஷினுக்கு எந்தக் கட்டளையும் போய்ச் சேரல. தைரியமா இறங்கு."

"ஏதாவது ஆச்சுன்னா அம்மாகிட்ட நீதான் பேசிக்கணும்." சிரித்துக்கொண்டே போனான்.

இப்போதுதான் பார்த்தாள். விடுபட்டதாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் பதில் அனுப்பியிருந்தது. கிடைத்தது. கிடைத்தது. கிடைத்தது. கேபிளில் கோளாறே இல்லை. அத்தனையையும் வாசிக்க முடியாமல் தவறவிட்டது அவளுடைய லேப்டாப்தான்.

அடித்துப் பிடித்துக்கொண்டு பதிவின் கொள்ளளவைக் கூட்டினாள். உணவு இடைவேளையில் வெறிச்சோடிய கூடத்திலிருந்து சூடான எண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்த புளித்த வாடை ஏசி வழியாக உள்ளே கசிந்து, அதன் அடியில் இன்னொன்று, கறிக்கடையின் வாடை, மெல்ல அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா."

பின்னால், தம்பியின் குரல். போன உயிர் திரும்பி வந்தது.

"அறிவிருக்காடா? வாக்கிய எடுத்தா என்ன?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே திட்டினாள்.

"கை மாட்டிக்கிச்சுக்கா."

திரை நிரம்பியது. இப்போது எதுவும் விடுபடவில்லை. நசுக்கு. கிடைத்தது. நசுக்கு. கிடைத்தது. அனுப்பிய முகவரி, செத்த ஆபரேட்டரின் கணினி. போன வாரமே பிடுங்கிப் போட்டது. ஒயர் அறுந்து அவள் காலடியில்தான் கிடந்தது.

கடைசி வரி. 'கட்டு தயார். எடை எழுபது கிலோ.'

காலையில் அந்த வாயைக் காலி செய்துவிட்டுத்தான் அவனை இறக்கினார்கள். உள்ளே ஒரு தாள்கூட இல்லை.

வாக்கி டாக்கியில் கேட்டது கரகரப்பு இல்லை, எலும்பு நொறுங்கும் சத்தம்.

"தம்பி... எங்கடா நிக்கிற?"

"நிக்க முடியலக்கா."

குரல் அவள் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

திரும்பினாள்.

கதவிலிருந்து ஈரத் தடம். அதன் முடிவில், நாலு பக்கமும் கம்பி இறுகிய ஒரு கட்டு. சதுரமாக. நீல யூனிஃபார்ம். நடுவே ஒரு மடிப்பு மட்டும் பிரிந்து பிரிந்து மூடியது. உள்ளே பல் தெரிந்தது.

"அம்மாகிட்ட நீதான் பேசிக்கணும்."