கதவில்லாத வீடுகள்

"சார்! அங்கேயே நில்லுங்க!"

அவள் கத்தி முடிப்பதற்குள் குழியின் விளிம்பு சரிந்தது... மண்ணோடு மண்ணாக அவனும் வந்து விழுந்தான். சரியாக அவள் காலடியில்!

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. புதைந்துபோன பழைய நகரத்தைத் தோண்டும் குழுவுக்கு அவள்தான் தலைவி. தார்ப்பாயோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"விழுந்ததுதான் விழுந்தீங்க, அந்த முனையைப் பிடிங்க!"

பிடித்தான். இமையெல்லாம் மழைத்துளி... நடுவே சிரிக்கிற இரண்டு கண்கள். 'சேற்றைப் பூசிக்கிட்டும் எப்படி இவ்வளவு லட்சணமா இருக்கான்?'

பழங்கதைகளைத் தேடி ஊர் ஊராக அலைகிற ஆராய்ச்சியாளனாம். குழுவினர் மழைக்கு ஒதுங்கியிருந்த கொட்டகையில் தலையைத் துவட்டியபடியே சொன்னான்.

"இந்த நகரத்தைப் பத்தி மலைமேல ஒரு கதை சொல்றாங்க. 'நான் வரப்போறேன்'னு ஆத்துத் தெய்வம் கனவுல வந்து சொல்லுச்சாம். சனங்க வீட்டுக் கதவையெல்லாம் கழற்றித் தூக்கிக்கிட்டு மலையேறிட்டாங்களாம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எதிரி கொளுத்தின ஊருங்க இது! சாம்பலே கிடைச்சிருக்கு. கதை விட வேற இடம் பாருங்க!"

குழுவே சிரித்தது. அவன் முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்விட்டான்.

அப்புறம்தான் வேடிக்கை. வீடு வீடாகத் தோண்டத் தோண்ட, கதவு சுழலும் கல்குழிகள் அப்படியே இருந்தன. மரம் மக்கியிருக்கலாம்... கதவடியில் மாட்டும் செம்புப் பூண் எங்கே? ஒரு வீட்டில்கூட இல்லை! எலும்பும் இல்லை. தரையெங்கும் ஆற்று வண்டல். அந்தச் சாம்பலும் யாரோ ஒரு குயவனின் சூளைச் சாம்பல்!

அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"தப்பு உன் பேர்லதானே? போய்ச் சொல்லிடு."

"எல்லார் முன்னாடியும் சிரிச்சிட்டேன்க்கா... இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..."

"ஏண்டி, மன்னிப்பு கேக்கறதுக்கா குரல் இப்படிக் குழையுது? அவனைப் பார்க்கணும்னு சொல்லேன்!"

அவள் பட்டென்று போனை வைத்தாள். கன்னம் சுட்டது.

மறுநாள் காலை குழுவைக் கூட்டினாள். "ஊர் எரியலை. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே கதவோட கிளம்பிப் போயிருக்காங்க. அந்த சார் சொன்னதுதான் சரி, சிரிச்ச நான்தான் தப்பு." சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அவன் தினமும் போய் உட்காரும் ஊர் நூலகத்துக்கு நேராக நடந்தாள்.

ஜன்னலோர மேஜையில் அவன். நிமிர்ந்து பார்த்தான்... அதே கண்கள்!

"உங்க கதை உண்மைங்க. என் ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்?"

"இல்ல." அவள் குரல் நடுங்கவில்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் புத்தகத்தை மூடினான்.

"என் வேலை போன வாரமே முடிஞ்சிடுச்சு. இன்னும் ஊரை விட்டுப் போகாம யாருக்காக உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சீங்க?"

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்... எழுந்து போகிற உத்தேசமே இல்லாதவளாய்.